விற்பனைச் சான்றிதழுக்குப் பணம் கட்டலாமா? ஒருவருக்காக உட்கார்ந்து போட்ட முழுக் கணக்கு

என் குழுவில் இரண்டு வருடமாக வேலை பார்த்த தம்பி ஒருவர், எல்லாரும் கிளம்பிய பிறகு ஒரு நாள் மாலை லேப்டாப்பைத் திறந்தபடியே என் மேசைக்கு வந்தார். திரையில் ஒரு விற்பனைச் சான்றிதழ் படிப்புக்குப் பணம் கட்டும் பக்கம் இருந்தது. கார்டு எண் வரைக்கும் அடித்து வைத்திருந்தார், கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. “அண்ணா, இன்னிக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும்தான் சலுகையாம். கட்டிரட்டுமா?” என்றார்.

இன்றைக்கு வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்று மட்டும் சொன்னேன். அடுத்த இரண்டு வார இறுதிகளில் இருவரும் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன், ஆள் யார், எந்த நிறுவனம், எந்தப் படிப்பு என்பதையெல்லாம் விட்டுவிட்டு. செலவை எந்த நாணயத்திலும் சொல்லாமல் அவருடைய மாதச் சம்பளத்தில் எத்தனை பங்கு என்று சொல்கிறேன். அப்படிச் சொன்னால் படிக்கிறவர் தன் சம்பளத்தை அதே இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் நின்ற இடம்

அவர் வேலை தொலைபேசியில். வரும் லீட்களை, அதாவது வாங்க வாய்ப்புள்ளவர்களைக் கூப்பிட்டுப் பேசி, வாங்கும் எண்ணமும் வசதியும் உள்ளவரா என்று பார்த்து, சந்திப்புக்கு நேரம் வாங்கிக் கொடுப்பார். அதற்கு மேல் டெமோ, பேரம், ஒப்பந்தம் எல்லாம் மூத்தவர்கள் கையில். சம்பளத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு நிலையானது, நாற்பது பங்கு டார்கெட்டைப் பொறுத்து வரும் இன்சென்டிவ். கடந்த ஆறு காலாண்டுகளில் ஐந்தில் டார்கெட்டை எட்டியிருக்கிறார். டீலை முடிக்கும் வேலைக்கு மாறவேண்டும் என்பது அவர் ஆசை, நியாயமான ஆசையும்கூட. பல இடங்களுக்கு விண்ணப்பம் போட்டும் நேர்காணலுக்குக் கூப்பிடவே இல்லை. ரெஸ்யூமேவில் ஏதோ குறைகிறது, அது சான்றிதழாகத்தான் இருக்கும் என்று முடிவுக்கு வந்துவிட்டார்.

அந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். கூடப் படித்தவர்கள் லிங்க்டினில் பேட்ஜ் போட்டிருக்கிறார்கள், அப்புறம் அந்தப் படிப்பின் விளம்பரமே திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது என்றார். அவரை நிராகரித்த எவரும் சான்றிதழ் இல்லை என்று சொல்லவில்லை. உண்மையில் யாரும் எதுவுமே சொல்லவில்லை. பதில் வராத இடத்தில் நாமாக ஒரு காரணத்தை வைத்துக்கொள்வோம் இல்லையா, அந்த இடத்தில் விளம்பரம் வந்து உட்கார்ந்திருந்தது.

செலவுப் பக்கம்

கட்டணம் ஒன்றேகால் மாதச் சம்பளம். இது கண்ணுக்குத் தெரிகிற செலவு. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இன்னும் இரண்டு இருந்தன: தேர்வில் தவறினால் மறுதேர்வுக்குத் தனிக் கட்டணம், சான்றிதழ் செல்லுபடியாக இருக்க வருடா வருடம் புதுப்பிப்புக் கட்டணம். புதுப்பிப்பு மட்டும் மாதச் சம்பளத்தில் 0.15 பங்கு. இதை அவர் அதுவரை பார்க்கவே இல்லை.

அடுத்தது நேரம். ஆறு வாரம், வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்று படிப்பவர்களே சொல்கிறார்கள், ஆக அறுபது மணி. அறுபது மணி பெரிய விஷயமில்லை என்றார். எந்த அறுபது மணி என்று கேட்டேன். நாட்காட்டியைத் திறந்து பார்த்தால் அந்த ஆறு வாரமும் சரியாகக் காலாண்டின் கடைசி ஆறு வாரத்தில் விழுகிறது. வகுப்பு மாலை ஏழிலிருந்து ஒன்பது. அவர் ஃபாலோ-அப் அழைப்புகளில் பாதியைச் செய்வது அந்த நேரத்தில்தான், ஏனென்றால் பகலில் ஃபோனை எடுக்காதவர்கள் அப்போதுதான் எடுக்கிறார்கள்.

எங்கள் இன்சென்டிவ் முறையில் ஒரு அளவுக்குக் கீழே போனால் அந்தக் காலாண்டுக்கு ஒன்றுமே கிடையாது. சம்பளத்தில் நாற்பது பங்கு, மூன்று மாதம்: 0.4 பெருக்கல் 3, அதாவது 1.2 மாதச் சம்பளம். படிப்பால் ஒரு காலாண்டு கைநழுவினால் அந்த இழப்பு கிட்டத்தட்டப் படிப்புக் கட்டணத்துக்குச் சமம். விற்பனையில் இருப்பவர்கள் படிப்புச் செலவைக் கணக்கிடும்போது இந்த ஒரு வரியை விட்டுவிடுகிறார்கள். மற்ற வேலைகளில் மாலை நேரம் ஓய்வு நேரம், நமக்கு அதிலும் ஒரு பங்கு வருமானம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வரவுப் பக்கம்

டீலை முடிக்கும் வேலைக்கு மாறினால் பத்து சதவீதமாவது அதிகம் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். சரி, பத்து என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் வருடத்துக்கு 1.2 மாதச் சம்பளம் கூடுதல், கட்டணம் பன்னிரண்டரை மாதத்தில் திரும்பி வந்துவிடும். அவர் மனதுக்குள் போட்டிருந்த கணக்கு இதுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த மாற்றம் சான்றிதழால்தான் வரும் என்பதற்கு என்ன உறுதி? அது இல்லாமலும் வேலை கிடைக்கலாம், இருந்தும் கிடைக்காமல் போகலாம். சான்றிதழ் ஒன்றே காரணமாக வேலை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று இருவரும் வாதாடினோம். அவர் இரண்டில் ஒன்று என்றார், நான் பத்தில் ஒன்று என்றேன், கடைசியில் ஐந்தில் ஒன்று என்று வைத்துப் பார்த்தோம். 1.2-ல் ஐந்தில் ஒரு பங்கு 0.24. அதிலிருந்து வருடப் புதுப்பிப்பு 0.15 போனால் மிச்சம் 0.09. ஒன்றேகால் மாதச் சம்பளத்தை வருடத்துக்கு 0.09 வீதம் மீட்க ஏறக்குறையப் பதினான்கு வருடம் ஆகும்.

அவர் கால்குலேட்டரை வாங்கி மறுபடி போட்டுப் பார்த்தார். அப்புறம் தன்னுடைய இரண்டில் ஒன்றை வைத்துப் போட்டார். வருடத்துக்கு 0.6, புதுப்பிப்பு போக 0.45, மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. என்னுடைய பத்தில் ஒன்றை வைத்தால் வரவு 0.12, புதுப்பிப்பு 0.15, அதாவது ஒவ்வொரு வருடமும் கையிலிருந்துதான் போகிறது. ஒரே படிப்பு, ஒரே கட்டணம், நடுவில் இருக்கிற அந்த ஒரு ஊகத்தைப் பொறுத்து மூன்று வருடம், பதினான்கு வருடம், என்றைக்குமே இல்லை என்று பதில் மாறுகிறது. அப்படியானால் நாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது அந்த ஊகத்தைத்தான். கட்டணத்தில் எத்தனை சதவீதம் தள்ளுபடி என்பது இதில் ஒரு ஓரத்து விஷயம்.

கோடு போட்ட தாள்

அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். தான் ஆசைப்படும் பதவிக்கு வந்திருக்கும் முப்பது வேலை விளம்பரங்களைத் திறந்து, என்ன கேட்கிறார்கள் என்று ஒரு தாளில் கோடு போட வேண்டும். அடுத்த சனிக்கிழமை அந்தத் தாளோடு வந்தார். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, கட்டுக் கட்டாக. ‘சி.ஆர்.எம். அனுபவம்’, அதாவது வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் மென்பொருளில் அனுபவம், அந்தப் பத்தி நிரம்பி அடுத்த வரிக்குப் போயிருந்தது. ‘டார்கெட்டை எட்டியதற்கான சான்று’ பத்தியும் அப்படித்தான். ‘சான்றிதழ்’ பத்தியில் இரண்டே கோடு, இரண்டு விளம்பரமும் ‘இருந்தால் நல்லது’ என்றுதான் சொல்லியிருந்தன. முப்பது விளம்பரத்தை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது, வேறு துறையில் இதே தாள் வேறு மாதிரி நிரம்பும். அவர் போக நினைத்த இடத்தில் நிலைமை அதுதான்.

ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிற மூன்று பேருக்கும் எழுதிக் கேட்கச் சொன்னேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது: “சான்றிதழ் இருந்தா வேண்டாம்னு சொல்லப்போறதில்ல. ஆனா கடைசியா முடிச்ச டீலை முதல்லேர்ந்து சொல்லுங்கன்னு கேட்பேன். எங்க சிக்கல் வந்துச்சு, யாரு முட்டுக்கட்டை போட்டாங்க, எப்படி நகர்த்துனீங்கன்னு. பத்து நிமிஷத்துல ஆள் தெரிஞ்சிரும்.” நானும் நேர்காணலில் அதைத்தான் செய்கிறேன்.

இதற்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் காரணம் இருக்கிறது. 1973-ல் பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று வேலைச் சந்தையைப் பற்றியது. ஒரு தரப்புக்குத் தெரிந்தது மறு தரப்புக்குத் தெரியாத சந்தைகளைப் பற்றிச் செய்த பணிக்காக 2001-ல் மேலும் இருவரோடு நோபல் பரிசும் பெற்றார். வேலை கொடுப்பவருக்கு வருகிறவரின் திறமை வெளியே தெரியாது, அதனால் படிப்புப் பட்டத்தை ஒரு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார் என்பது அவர் வாதம். ஆனால் அந்த அடையாளம் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: திறமை குறைந்தவருக்கு அதைப் பெறுவது திறமையானவரைவிடக் கடினமாக இருக்கவேண்டும். பணம் கட்டிய எல்லாரும் வீடியோ பார்த்துவிட்டு நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தேறிவிடுகிற படிப்பு யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. அதோடு விற்பனையில் திறமை வெளியே தெரியாது என்பதே பாதிதான் உண்மை. நம் வேலை மாதா மாதம் எண்ணாக வந்து நிற்கிறது. ஆறு காலாண்டில் ஐந்து என்று சொல்ல முடிகிறவருக்கு அதைவிடப் பெரிய அடையாளம் எந்தப் படிப்பிலும் இல்லை. தம்பியின் ரெஸ்யூமேவை எடுத்துப் பார்த்தேன், அந்த எண் அதில் எங்குமே இல்லை! ‘கடின உழைப்பாளி, குழுவோடு இணைந்து செயல்படுபவர்’ என்று இருந்தது.

யாருக்கு உதவும்

சான்றிதழே வீண் என்று நான் சொல்லவில்லை. எங்கள் குழுவிலேயே ஒரு பெண் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு விற்பனைக்கு வந்தவர். அவர் வரும்போது காட்ட ஒரு எண்கூட இல்லை. ஒரு படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தார். ஆள் உண்மையாகவே இந்தப் பக்கம் வர நினைக்கிறார், லீட் என்றால் என்ன, பைப்லைன் (பேச்சில் இருக்கும் டீல்களின் வரிசை) என்றால் என்ன என்று முதல் நாளிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. அந்த ஒரு வரி அவரை நேர்காணல் வரைக்கும் கொண்டுவந்தது. அதற்கப்புறம் அவர் பேசிய விதம் வேலை வாங்கிக் கொடுத்தது. வெறும் தாளில் முதல் வரியாக இருக்கும்போது அதற்கு மதிப்பு உண்டு.

உரிமம் என்பது முற்றிலும் வேறு விஷயம், அதைச் சான்றிதழோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காப்பீடு, பங்குப் பத்திரம், பல நாடுகளில் வீடு நிலம் விற்பது, இவற்றுக்கெல்லாம் சட்டப்படியான உரிமம் இல்லாமல் விற்கவே முடியாது. அங்கே கணக்கே தேவையில்லை, கட்டித்தான் ஆகவேண்டும்.

பொருள் சார்ந்த சான்றிதழ்களும் தனி வகை. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சி.ஆர்.எம். மென்பொருளின் நிர்வாகிச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள், 105 நிமிடத்தில் 60 கேள்விகள் என்று நீண்ட காலம் நடந்த தேர்வு. அதைத் தேறியவருக்கு அந்த மென்பொருளில் ஏதோ ஒன்று செய்யத் தெரியும் என்று நம்ப இடமிருக்கிறது. அதற்குப் படிக்க அவர்களுடைய ட்ரெயில்ஹெட் தளம் இலவசம். அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்றவர்களின் மேகக் கணிமைச் சேவைகளை விற்கும் கூட்டாளி நிறுவனங்களுக்கு, குறிப்பிட்ட தரநிலையைப் பெற இத்தனை ஊழியர்கள் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் அந்தத் தாள் நிறுவனத்துக்கே தேவை, அதனால் கட்டணத்தையும் அவர்கள்தான் கட்டவேண்டும், ஊழியர் கையிலிருந்து போடக்கூடாது.

தம்பி கட்டப் போனது இந்த மூன்றில் எதுவும் இல்லை. ‘எப்படி விற்பது’ என்பதைப் பொதுவாகச் சொல்லித்தரும் படிப்பு அது.

பாடத்திட்டத்துக்குள்ளே

பாடத்திட்டத்தை வரி வரியாகப் பார்த்தோம். வாங்குபவரின் பணவசதி, முடிவெடுக்கும் அதிகாரம், தேவை, காலம் ஆகிய நான்கைப் பார்க்கும் பான்ட், ஐ.பி.எம்.மில் பிறந்ததாகச் சொல்லப்படுவது. 1990-களில் பி.டி.சி. என்ற மென்பொருள் நிறுவனத்தில் உருவான மெடிக், பெரிய டீல்களில் வாங்குபவரைப் பற்றி எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பட்டியல். அப்புறம் விற்பனை ஆய்வாளர் நீல் ராக்கமின் ஸ்பின் முறை, கேள்விகளை ஒரு வரிசையில் கேட்டு விற்பது. அவருடைய குழு பன்னிரண்டு வருடம் 35,000 விற்பனைச் சந்திப்புகளை ஆராய்ந்து அந்த முறையை உருவாக்கியது. எல்லாமே நல்ல விஷயம், எல்லாமே புத்தகமாகவும் இலவசப் பாடமாகவும் கிடைப்பவை. ஹப்ஸ்பாட் அகாடமியில் விற்பனைப் படிப்பும் அதன் சான்றிதழும்கூட இலவசம். இந்தச் சொற்களைத் தெரிந்துகொள்வது அவசியம்தான், நேர்காணலில் ‘உங்கள் குழுவில் மெடிக் பயன்படுத்துகிறீர்களா’ என்று கேட்டால் திருதிருவென முழிக்கக் கூடாது. அதற்கு ஒன்றேகால் மாதச் சம்பளம் தேவையில்லை.

அவருக்கு உண்மையில் என்ன தேவை என்று பார்க்க அவருடைய அழைப்புப் பதிவு ஒன்றைச் சேர்ந்து கேட்டோம். பதினோரு நிமிட அழைப்பு. நான்காவது நிமிடத்தில் அந்த வாடிக்கையாளர், “போன மாசம் பில்லிங்ல ரெண்டு தடவ தப்பு வந்துருச்சு” என்கிறார். கதவைத் திறந்து உள்ளே வா என்று கூப்பிட்ட மாதிரி. நம்மாள் உடனே, “எங்க சாஃப்ட்வேர்ல அந்தப் பிரச்சினையே வராது சார்” என்று சொல்லிவிட்டு அம்சங்களை ஒப்பிக்கத் தொடங்கிவிட்டார். எட்டாவது நிமிடத்தில், “சரி, யோசிச்சுச் சொல்றோம்” என்றதும் தள்ளுபடி பேச ஆரம்பித்தார்.

பதிவை நிறுத்தி நான்காவது நிமிடத்துக்குத் திரும்பிப் போனோம். அந்தத் தப்பால் என்ன ஆச்சு, யார் அதைச் சரி பண்ணினார்கள், எவ்வளவு நேரம் போச்சு, அவர்களுடைய வாடிக்கையாளர் என்ன சொன்னார் என்று கேட்டிருக்கலாம். பிரச்சினையின் விளைவை வாங்குபவரே தன் வாயால் சொல்ல வைக்கும் கேள்விகள்தான் பெரிய விற்பனைகளில் வித்தியாசம் உண்டாக்குகின்றன, அவசரப்படுத்தி முடிக்கப் பார்ப்பது பெரிய விற்பனையில் எதிர்விளைவைத் தருகிறது என்று ராக்கம் சொன்னதும் இதைத்தான். தம்பி இதைப் பாடமாக ஏற்கெனவே படித்திருந்தார். தன் குரலிலேயே தவறவிட்டதைக் கேட்டபோதுதான் முகம் மாறியது. அப்படியே ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, “இந்த மாதிரி எத்தனை கால் விட்டிருப்பேன்ணா” என்றார். அறுபது மணி நேரத்தை எங்கே போடவேண்டும் என்பது அதற்குள் முடிவாகிவிட்டது.

நிறுவனத்திடம் கேட்டது

இருந்தாலும் நிறுவனம் கட்டணத்தைத் தருமா என்று ஹெச்ஆரிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன், கேட்பதில் நஷ்டம் இல்லை. பாதி தருவோம், ஆனால் ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டால் திருப்பித் தரவேண்டும் என்றார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கு போனாலும் பயன்படும் பொதுத் திறமைக்கு நிறுவனம் செலவு செய்யத் தயங்கும், தன்னிடம் மட்டும் பயன்படும் திறமைக்குச் செலவு செய்யும் என்று பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1960-களிலேயே விளக்கிவிட்டார். ஆனால் தம்பியின் திட்டமே வேறு வேலைக்கு மாறுவது. ஒரு வருடம் கட்டிப்போடும் பாதிப் பணம் அவருக்கு உதவி கிடையாது.

இந்தப் பேச்சில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படி ஒரு படிப்புக்குப் பணம் கட்டினேன், பத்துத் தவணையில். அந்தப் பத்து மாதமும் வீட்டுக்கு அனுப்பும் பணம் குறைந்தது. முடித்தால் வேலை நிச்சயம் என்று சேர்க்கும்போது சொன்னார்கள், முடித்த பிறகு அந்த எண்ணில் ஃபோனை யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று வேலை மாறிவிட்டேன், ஒருவர்கூட அந்தச் சான்றிதழைக் கேட்டதில்லை. குறைந்த சம்பளத்தில் புதிதாக வருகிறவர்களின் பயத்தைக் காட்டி இப்படிப் பணம் வாங்குவதைப் பார்க்கும்போது இன்றும் கோபம் வருகிறது. கடன் வாங்கி இந்த மாதிரிப் படிப்பில் சேர நினைக்கும் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து முதலில் அந்தக் கோடு போட்ட தாளைத் தயார் பண்ணுங்கள்.

கடைசியில் செய்தது

அவர் பணம் கட்டவில்லை. சொற்களுக்காக ஒரு இலவசப் படிப்பை ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தார். வாரத்துக்கு இரண்டு அழைப்புப் பதிவு, ஒன்று என்னோடு, ஒன்று தனியாக. மூத்தவர்களின் டெமோவில் பேசாமல் உட்கார்ந்து குறிப்பெடுக்க அனுமதி வாங்கினேன், அதைத் தரவைக்கத்தான் கொஞ்சம் போராட வேண்டியிருந்தது. அடுத்த காலாண்டில் யாரும் கவனிக்காமல் கிடந்த இரண்டு சின்ன வாடிக்கையாளர்களைக் கேட்டு வாங்கிக் கடைசி வரை தானே கையாண்டார். ஒரு டீல் முடிந்தது, ஒன்று கைவிட்டுப் போனது. கைவிட்டுப் போன டீலைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வைக்கச் சொன்னேன். ரெஸ்யூமேவின் முதல் வரியில் காலாண்டு எண்கள் ஏறின.

ஏழு மாதம் கழித்து வேறொரு நிறுவனத்தில் அவர் ஆசைப்பட்ட வேலை கிடைத்தது. படிப்பில் சேராததால்தான் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே எங்கள் பழைய சகா ஒருவர் இருந்தார், அவர் சொன்ன வார்த்தைக்கும் பங்கு உண்டு. நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். கைவிட்டுப் போன டீலைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசினார்களாம்.

போன வாரம் ஃபோன் பண்ணினார். புது நிறுவனம் தாங்கள் விற்கும் மென்பொருளின் சான்றிதழை எல்லாரும் எடுக்கவேண்டும் என்கிறதாம், கட்டணம் அவர்களுடையது, படிக்க வேலை நேரத்திலேயே வாரத்துக்கு நான்கு மணி, எந்த நிபந்தனையும் இல்லை. “என்னண்ணா சொல்றீங்க?” என்று கேட்டார். காலாண்டு எப்போது முடிகிறது என்று மட்டும் கேட்டேன். இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றார். சரி, இன்றைக்கே பெயரைக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.